ஒரு மாத்திரை குறைவு

“கையிலதான் கொண்டு வரணும். பெட்டியில போட்டு லக்கேஜ்ல அனுப்பினே, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதே!” என்று செல்போனில் அதட்டினார் பெரியவர். துக்கத்திலும் அவருக்கு அதட்டத்தான் வரும்.

மறுமுனையில், வெளிநாட்டில், தம்பி மகன். இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தும் வராமலும் இருந்தது. “ஐயோ பெரியப்பா, அதைப் போய் கைய விட்டு இறக்குவேனா?”

“மாமா, ஸ்பீக்கர்ல போடுங்க. நானும் கேக்கறேன்” என்றாள் மருமகள்.

“எதுக்கு? எங்க குடும்ப விஷயத்தைத் தெருவுல ஏலம் போடவா?” போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

காலையில்தான் செய்தி வந்திருந்தது. ‘அப்பாவோட அஸ்தி... உங்க கையில ஒப்படைக்கணும்... அதான் அப்பா ஆசை...’ அவ்வளவுதான் காதில் விழுந்தது, லைன் அறுந்துவிட்டது. அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? பெரியவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். முதுகை மட்டும் சாய்க்கவில்லை.

வீட்டுப் பங்கில் மூண்ட சண்டையில் அண்ணன் தம்பி பேச்சு நின்று எத்தனையோ வருஷம். மூத்தவன் நான், இளையவன்தான் முதலில் பேச வேண்டும் என்று இவர் தூணாக நின்றார். நின்று ஜெயித்தும் விட்டார். இனி தம்பி பேசவே போவதில்லை.

எரித்தாயா என்று கேட்க நாக்கு எழவில்லை. கௌரவமான குடும்பத்தில் அப்படியெல்லாம் பச்சையாகக் கேட்க மாட்டார்கள்.

“காரியமெல்லாம் அங்கேயே முடிஞ்சுதாடா?”

“முடிஞ்சுது பெரியப்பா. ஆபீஸ்ல அலைய விடுவாங்களோன்னு பயந்தோம். நல்ல மனுஷங்க.”

“மிஷின்லதானா?”

“இங்க எல்லாமே மிஷின்தானே. பட்டனைத் தட்டினாங்க, வேலை முடிஞ்சுது.”

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆறடி ஆம்பிளை. ஒரே பட்டன்.

“உங்கப்பா...” என்று இழுத்தார்.

“இப்பத்தான் நிம்மதியா இருக்கார். அவருக்கு ஜன்னலோரமா சீட்டு போட்டிருக்கேன் பெரியப்பா.”

பானைக்குத் தனி சீட்டு! பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும். தான் பெற்றதாக இருந்தால் பார்சலில் போட்டு, ரசீதை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கும்.

அடுத்து, மாலை போட ஒரு படம் வேண்டுமே. தேடினால், தம்பி தனியாக நிற்கும் படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. இருவரும் சேர்ந்து நின்ற படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து, “என்னை வெட்டிடு” என்றார். எப்படி வெட்டியும், தம்பி தோளில் இருந்த இவர் கையை மட்டும் எடுக்க முடியவில்லை.

விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம், பானையிடம் பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். ‘தப்பு உன்மேல்தான். இருந்தாலும் மன்னித்துவிட்டேன்.’ கம்பீரமான ஆரம்பம். பாதி வழியில் ‘உன்மேல்தான்’ என்பது ‘உன்மேலும்தான்’ ஆயிற்று. வண்டியை நிறுத்தும்போது ‘தப்பு’ என்ற சொல்லே எங்கோ விழுந்துவிட்டிருந்தது.

பயணிகள் வெளியே வரும் கதவருகே, மாலை போட்ட படத்தை நெஞ்சோடு அணைத்தபடி மருமகள் நின்றாள். வருகிறவர்களை வரவேற்கப் பூங்கொத்துடன் நின்றவர்கள் அவர்களைப் பார்த்து மெல்ல நகர்ந்து கொண்டார்கள்.

“மாமா, கொஞ்சம் அழுதுடுங்களேன். நெஞ்சுல அடைச்சுக்கிட்டா நல்லதில்ல.”

“நம்ம வம்சத்துல ஆம்பிளைங்க பொது இடத்துல அழுததில்ல” என்றார் பெரியவர். மூக்கு மட்டும் வம்சத்தை மதிக்காமல் ஒழுகியது.

கண்ணாடிக் கதவு திறந்தது. தள்ளுவண்டிச் சத்தம். “பெரியப்பா!” என்ற குரல். அவ்வளவுதான், அவருக்குப் பார்வை கலங்கிவிட்டது. கண்களை இறுக மூடிக்கொண்டு, வெள்ளைத் துணி விரித்த இரண்டு கைகளையும் நீட்டினார். யாருக்கும் வளையாத முதுகு வளைந்தது.

“சரிடா, நீதான் ஜெயிச்சே. நானே முதல்ல பேசறேன். வந்துட்டியாடா தம்பி?”

“வந்துட்டேண்ணே. ஆஸ்திய எழுதிக் குடுக்க வந்தா, அஸ்திய வாங்க வந்து நிக்கறீங்களே!”