லெமன் ஸ்பூன்

நூறு மீட்டரில் மாநிலச் சாதனை இன்றைக்கும் அமலோற்பவத்தின் பெயரில்தான் இருக்கிறது. அந்த ஓட்டத்துக்காகத்தான் அவளுக்கு இந்த அலுவலகத்தில் வேலையே கொடுத்தார்கள். முப்பத்தோரு வருடமாக இங்கே ஆண்டு விளையாட்டு விழாவில் ஆண்களுக்கு நூறு மீட்டர், பெண்களுக்கு லெமன் ஸ்பூன். அடுத்த மாதம் அவள் ஓய்வு பெறுகிறாள். சங்கச் செயலாளர் தணிகாசலம் மைக்கில் அவள் பெயரை முழங்கிவிட்டு, பிளாஸ்டிக் ஸ்பூனையும் எலுமிச்சம்பழத்தையும் கையில் கொடுத்தார்.

"மெதுவாப் போங்க மேடம். சாம்பியனாச்சேன்னு ஓடிடாதீங்க, பழம் விழுந்தா அவுட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஸ்பூனைக் கடித்தாள். அது படக்கென்று முறிந்தது. துண்டைத் துப்பிவிட்டு, பழத்தை அவர் கையிலேயே திணித்தாள். செருப்பைக் கழற்றி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடுத்த ஓட்டத்துக்காக ஆண்கள் ஏழு பேர் நின்றிருந்த கோட்டுக்குப் போனாள். காலியாகக் கிடந்த எட்டாவது லேனில் விரல்களை ஊன்றிக் குனிந்தாள்.

விசில்காரன் விசிலை வாயிலிருந்து எடுத்தான். "மேடம், இது ஜென்ட்ஸ் ரேஸ்."

"தெரியும். முப்பத்தோரு வருஷமா ஓரமா நின்னு பாத்துட்டுத்தானே இருக்கேன். ஊதுய்யா."

அவன் ஊதவில்லை. ஏழு பேரும் ஒவ்வொருவராகக் கோட்டைவிட்டு விலகினார்கள். அவள் ஓடத் தயாராக இடுப்பை உயர்த்தினாள். தொடை நடுங்கியது.

"அதை என்ன அழகுக்கா வச்சிருக்க? ஊது!"

நூறு மீட்டருக்கு அப்பால், முடிவுக் கயிற்றைப் பிடித்திருந்த இருவர் அதைச் சுருட்டத் தொடங்கினார்கள். அவள் இடுப்பை இறக்கவில்லை.