ஒரு வீட்டுக்கு மட்டும்

மங்கையை வேலையை விட்டு அனுப்பிய ஒன்பதாம் நாள், மேனேஜர் சபேசனே போன் செய்தார்.

"மங்கை, சர்வர் ஓடுது. பிரவுசர்ல மட்டும் பக்கம் வரமாட்டேங்குது. பதினோரு மணிக்கு கிளையண்ட் வர்றாங்க. காட்டலைன்னா என் வேலை போயிடும்மா."

மங்கை தன் லேப்டாப்பில் முகவரியைத் தட்டினாள். பக்கம் உடனே திறந்தது. சோதனைக்காக, வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வாலில் தன் வீட்டு இணையத்துக்கு மட்டும் வழி விட்டிருந்தாள். எல்லோருக்கும் திறந்துவிடுவதற்குள், "பொம்பளைக்கு எதுக்கு சர்வர் வேலை" என்று சபேசன் அனுப்பிவிட்டார்.

"எனக்கு வருதே, சார்."

"எப்படிம்மா? என்ன மாத்தணும்னு சொல்லு."

"எதையும் மாத்த வேணாம். அவங்களை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. நாற்காலி ரெண்டுதான் இருக்கு, நீங்க நின்னுக்கலாம்."

மறுமுனையில் பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"வீடு எங்கேம்மா?" என்றார்.