சந்துக்குள் ஒரு கார்

"காருக்குப் பதிலா மாசாமாசம் பணமா வாங்குனா அத்தனைக்கும் வரி. கம்பெனி காரே வாங்கினா வரி கொஞ்சம்தான். யோசிக்க இன்னா கீது?" என்றாள் மனைவி சங்கமித்ரா.

எண்ணூர் கம்பெனியில் புதிதாக மேனேஜர் ஆகியிருந்த நிலவன் பெருமூச்சு விட்டான். "வூட்டு வாசல் வரைக்கும் வண்டி வந்தாதான் கார் தருவாங்களாம். இந்த வியாசர்பாடி சந்துல எல்லா வூட்டுப் படியும் வழியில நீட்டிகினு கீது. இடிங்கன்னு கேக்க முடியுமா? சைக்கிள் உரசினாலே எதிர்வூட்டு பச்சையம்மா அத்த ஊரையே கூட்டிடும். பணமே போதும்னு திங்கக்கெழம சொல்லிடறேன்."

மறுநாள் மாலை சந்துக்குள் நுழைந்தவன் கடப்பாரைச் சத்தம் கேட்டுப் பதறினான். வந்த வழியில் ஒரு வீட்டுக்கும் படி இல்லை. பச்சையம்மா தன் படியின் கடைசிக் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அத்த, கார்ப்பரேஷன் ஆளுங்க வந்தாங்களா?"

"அவங்க எதுக்கு? உன் பொண்டாட்டி குழாயடில சொன்னா. நம்ம சந்துக்கு மொத மொத காரு வருது, என் படியா குறுக்க நிக்கும்?"

பிறந்ததிலிருந்து பார்த்த சந்து இவ்வளவு அகலமா என்று நிலவன் இரு பக்கமும் பார்த்தபடி நின்றான்.

"இன்னா நைனா, மரமாட்டம் நின்னுகினு கீற?" பச்சையம்மா கடப்பாரையை அவன் கையில் திணித்தாள். "உன் வூட்டுப் படி ஒண்ணுதான் பாக்கி."