செத்த தவளை அடிக்குமா?

மிருகங்கள் மோதும் சீட்டு விளையாட்டில் நவநீதனின் டிராகன் சீட்டு, அவன் மனைவி ஷோபனாவின் தவளைச் சீட்டைத் தாக்கியது. தவளையின் நாக்கில் விஷம். பட்டால் எதுவும் சாகும். "செத்த தவளை எப்படிடி திருப்பி அடிக்கும்?" என்றான். "ரெண்டும் ஒரே நேரத்துல அடிக்கும், ரெண்டும் சாகும். அதான் ரூல்," என்றாள். "அப்ப என் டிராகனோட ஏழு பலம் எதுக்கு, பூப்பறிக்கவா?" வாக்குவாதம் எழுந்து சமையலறைவரை போய்விட்டது. மேஜைமேல், ஊதவேண்டிய நெருப்பை அடக்கி அடக்கி டிராகனுக்குக் கன்னம் உப்பிவிட்டது. "அவங்க இப்போதைக்கு முடிக்க மாட்டாங்கண்ணே. முழுங்கிடுங்க," என்றது தவளை. டிராகன் முழுங்கியது. சற்று நேரத்தில் அதற்கு விக்கல் எடுத்தது. முதல் விக்கலில் புகை மட்டும்தான் வந்தது. தவளை சங்கடமாகப் பார்த்துவிட்டு, அடுத்த விக்கலுக்கு எதற்கும் இருக்கட்டும் என்று நாக்கை மெல்ல வெளியே நீட்டி வைத்துக்கொண்டது.