திருத்தக் குறிப்புகள்

பதிவேற்றம் முடிந்தது என்று திரையில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பக்கத்து வீட்டில் மீன் பொரிந்துகொண்டிருந்தது.

ஒன்பது வருட வேலை. இனி ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம்.

பெரிய மனசெல்லாம் இல்லை. முடிக்க முடியாமல் கைவிடுகிறாள், அவ்வளவுதான்.

பாளையங்கோட்டை கல்லூரி விடுதியில் அவளும் பெனிட்டாவும் பைத்தியமாகக் கிடந்த கணினிக் கப்பல் விளையாட்டு. இரண்டாம் பாகத்தோடு கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. மூன்றாவதை நாமே செய்தால் என்ன என்று இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

ஐந்தாம் வருடம் பெனிட்டா எழுந்து போனாள். கைக்குழந்தை, நேரமில்லை என்றாள்.

கடைசிக் கட்டத்தில் கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்ததும் விளையாட்டு அப்படியே நின்றுவிடும். பெனிட்டா எழுதிய பகுதி அது. நாலு வருடமாக இவளால் சரிசெய்ய முடியவில்லை.

பெனிட்டா பார்ப்பாள். பார்த்தால் கை சும்மா இருக்காது. வந்துவிடுவாள்.

உள்ளுக்குள் இந்த ஆசைதான்.

அதற்காகவே மூன்று நாள் உட்கார்ந்து, நிரலுக்குள் கோபத்தில் அவளைத் திட்டிக் கிறுக்கி வைத்திருந்ததையெல்லாம் தேடித் தேடி அழித்திருந்தாள்.

பிறகுதான் ‘வரலாறு’ என்ற பொத்தான் கண்ணில் பட்டது.

தட்டினாள்.

ஒவ்வொரு திருத்தத்தோடும் ஏன் திருத்தினோம் என்று ஒரு வரி எழுதுவது அவர்கள் வழக்கம். அந்த வரிகள் தனியே சேர்ந்துகொண்டிருந்தன. அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. எல்லாம் சேர்ந்து மேலே போயிருந்தது.

“பெனிட்டாவின் குப்பையைக் கூட்டினேன்.”

“இவளுக்கெல்லாம் யார் பட்டம் கொடுத்தது?”

“பிள்ளை பெற்றதோடு மூளையும் போய்விட்டது. எல்லாம் முதலிலிருந்து.”

நாலு வருடம். தேதியோடு, நேரத்தோடு.

அவசரமாக மறைக்கப் போனாள். அதற்குள் ஒருவர் பிரதி எடுத்திருந்தார். ஒரே ஒருவர்.

பெனிட்டாவுக்கு போன் அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மன்னிப்பு என்று தட்டினாள். அழித்தாள். எந்த முகத்தோடு அனுப்புவது?

நாலு மணிக்குத் திருத்தம் ஒன்று வந்தது. பெனிட்டா அனுப்பியது. மொத்தமே ஏழு வரி.

ஆறு வரி துறைமுகத்தில்.

ஏழாவது, விளையாட்டை உருவாக்கியவர்கள் பட்டியலில். தன் பெயரை நீக்கியிருந்தாள்.

ஏன் திருத்தினோம் என்ற இடத்தில் எழுதியிருந்தாள்:

“ஏட்டி, இனி கப்பல் நிக்காது. என் பேர மட்டும் எடுத்துட்டேன். திரும்பப் போட்டுறாத.”

ஏற்கவா, மறுக்கவா என்று திரை கேட்டது.

ரொம்ப நேரம் அழுதாள். பெனிட்டா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதையும் மறுக்க அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஏற்றாள்.

விளையாடிப் பார்த்தாள். கப்பல் துறைமுகத்துக்குள் மெதுவாக நுழைந்தது. விளையாட்டு நிற்கவில்லை. நங்கூரம் இறங்கியது. ஒன்பது வருடத்தில் முதல்முறை.

இசை தொடங்கியது. அவள் பெயர் கீழிருந்து வந்து, மேலே போய் மறைந்தது.

இரண்டு பெயருக்கென்று அளந்து வைத்த இசை. வெறும் திரையில் மீதிப் பாதி ஓடிக்கொண்டிருந்தது.