ஒரு வாய்

தணிகாசலத்தின் காப்பி டம்ளர் மூன்றாம் நாளாகச் சிவந்து எச்சரித்தது: ‘உணவுக்குழாயில் புற்றுநோய். ஆரம்ப நிலை.’

அவர் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி டாக்டரம்மாவிடம் போனில் கத்தினார். “நேத்துதானே குழாய் விட்டுப் பாத்தீங்க? ஒண்ணுமில்லன்னீங்களே!”

“டம்ளர் தப்பா சொல்லாது சார். விளிம்புல படுற எச்சில வெச்சுத்தான் சொல்லுது.”

“எச்சிலா? நான் அண்ணாந்துதாம்மா குடிப்பேன். உதடே படாது!”

டாக்டர் கேட்டார்: “அப்போ வாய் வெச்சது யாரு?”

தணிகாசலம் திரும்பினார். சமையலறை வாசலில் மனைவி வேதவல்லி நின்றாள்.

“சக்கரை சரியா இருக்கான்னு பாக்க ஒரு வாய்... தெனமும். சொன்னா எச்சில்னு கொட்டிடுவீங்க.”

“ஆரம்பந்தான் சார், கத்தி வைக்காம வாய் வழியாவே எடுத்துடலாம். உடனே அவங்களக் கூட்டிட்டு வாங்க,” என்றார், போனில் கேட்டுக்கொண்டிருந்த டாக்டர்.

தணிகாசலம் மிச்சக் காப்பியை முதல்முறையாக வாய் வைத்துக் குடித்தார். “கிளம்பு,” என்றார்.