ரெண்டு வார்த்தை

எந்தப் பல்கலைக்கழகமும் கண்டுகொள்ளாத அந்த மலைமொழியைப் பதிவு செய்ய, இமாகுலேட்டைச் செலவு கொடுத்து அனுப்பியது மொழியியல் சங்கம்தான். அதைப் பேச மலையில் கெம்பி ஒருத்திதான் மிச்சம். இமாகுலேட் அதைப் பேச வாயைத் திறந்தாலே கெம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். போகப்போக இருவரும் அந்த மொழியில் சண்டைகூடப் போட்டார்கள். கார்த்திகை மழையில் காய்ச்சல் கண்டு கெம்பி போய்விட்டாள்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இமாகுலேட்டின் அகராதியை வெளியிட்டார்கள். அவளுக்குப் பொன்னாடை போர்த்திய தலைவர், "உதவித்தொகையை நீட்டிச்சிருக்கோம்மா. வேலையை நிறுத்திடாதீங்க" என்றார். மனதாரத்தான் சொன்னார். இனி யாரோடு பேசுவது என்று நினைத்துக்கொண்டே அவள் பொன்னாடையை மடித்தாள்.

"அந்த மொழியில ரெண்டு வார்த்தை பேசுங்களேன், நாங்களும் கேக்கறோம்" என்று தலைவரே மைக்கை நீட்டினார்.

கெம்பி போனபின் அவள் அதைப் பேசவே இல்லை. மைக்கைப் பிடித்து, "நான் பேசறது இங்க யாருக்காவது புரியுதா?" என்று அந்த மொழியில் கேட்டாள். அரங்கம் கைதட்டியது.

"அழகா இருக்கே! என்ன சொன்னீங்க?" என்றார் தலைவர்.

"எல்லாருக்கும் வணக்கம்னு சொன்னேன் சார்."

மறுபடியும் கைதட்டினார்கள். அது அடங்கிய பிறகும் அவள் மைக்கை விடாமல் நின்று, வரிசை வரிசையாக ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.